போன் இல்லாமல் வாயே திறப்பதில்லை, வயது இரண்டே முக்கால்

1. மலைக்கோட்டை_அம்மா (இரவு 11.40)

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, இன்றுதான் எழுதுகிறேன். ஊர் திருச்சி. நானும் அவரும் வேலைக்குப் போகிறோம், பையனை அத்தை பார்த்துக்கொள்கிறார்.

எல்லாம் சாப்பாட்டில்தான் ஆரம்பித்தது. எட்டு மாதத்தில் பருப்பு சாதத்தைத் துப்பத் தொடங்கினான். ஒருநாள் அவருடைய போனில் ஏதோ பாட்டு ஓடியது, வாய் தானாகத் திறந்தது. கிண்ணம் காலி. அன்று நாங்கள் பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதற்கப்புறம் போன் இல்லாமல் ஒரு வாய் இறங்கியதில்லை. கண் போனில் இருக்கும், வாய் மட்டும் கிளிக்குஞ்சு மாதிரி திறக்கும். உள்ளே போனது இட்லியா தயிர் சாதமா என்று அவனுக்கே தெரியாது.

பேச்சு விஷயம்தான் பயமாக இருக்கிறது. ஒன் டூ த்ரீ பத்து வரை சொல்வான். ரெட், எல்லோ, ட்ரையாங்கிள் எல்லாம் வரும். வீட்டுக்கு வந்தவர்கள் கெட்டிக்காரன் என்றார்கள், நானும் பூரித்துப் போனேன். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் குடத்தின் மேல் வைக்கிறான். அம்மா என்று கூப்பிட்டது எண்ணி நாலைந்து முறை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் இல்லை. வீடியோவை மட்டும் எப்போதும் சத்தமாக வைக்கச் சொல்லி அடம்.

டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "மொபைலை நிறுத்துங்க, தானா பேசுவான், ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். நிறுத்தினோம். மூன்றாம் நாள் மதியம் அத்தை எனக்குப் போன் போட்டு அழுதார், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று. மறுபடி போன்.

இப்போது சொந்தக்காரர் ஒருவர், போன் பார்த்தே பிள்ளைக்கு 'வர்ச்சுவல் ஆட்டிசம்' வரும் என்று வாட்ஸப்பில் வீடியோ அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. யாராவது நிறுத்தியிருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.

2. நெல்லை_ரெட்டைவால்

எனக்கு ரெட்டைப் பிள்ளைகள், அப்போ என் பாட்டைப் பார்த்துக்கோங்க. எங்கள் வீட்டில் பதினொரு நாள் ஆனது. மூன்று வேளையையும் ஒரே நாளில் நிறுத்தினதுதான் நீங்கள் செய்த தப்பு. நானும் அதைத்தான் செய்தேன், இரண்டாம் நாளே தோற்றேன்.

அப்புறம் காலைச் சாப்பாட்டில் மட்டும் ஆரம்பித்தேன். ராத்திரி முழுக்கச் சாப்பிடாத வயிறு, பசி இருக்கும். எழுந்ததும் பால் கொடுப்பதை நிறுத்தினேன். முக்கியமான இடம் இதுதான் தங்கச்சி. சாப்பிடவில்லையே என்று இரக்கப்பட்டு நடுநடுவே டம்ளர் டம்ளராகப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தால் பசி எங்கே வரும்? தரையில் எல்லோரும் உட்கார்ந்து, ஆளுக்கொரு தட்டு, இட்லியைப் பிய்த்துப் போட்டுவிட்டு நான் என் பாட்டுக்குச் சாப்பிட்டேன். முதல் நாள் ஒருத்தி இட்லியைத் தலையில் தேய்த்துக்கொண்டாள். நாலாம் நாள் சாம்பாரை நக்கினாள். அவ்வளவுதான் முன்னேற்றம், ஆனாலும் நான் போனை எடுக்கவில்லை. ஊட்டாதீர்கள், தரை அழுக்கானால் ஆகட்டும்.

3. சும்மா_எட்டிப்பார்க்கிறேன்

எல்லோரும் சேர்ந்து அந்தம்மாவைப் பயமுறுத்தாதீர்கள். நாமெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே? 2007ல் சுட்டி டிவி வந்தபோதும் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று இதே புலம்பல்தான். என் சித்தப்பா ஐந்து வயதில்தான் வாய் திறந்தாராம், இப்போது அவர் பேச ஆரம்பித்தால் நாங்கள் எழுந்து ஓடுகிறோம். எனக்கும் மூன்று வயதில் ஒரு பையன் இருக்கிறான், போன் பார்க்கிறான், டிவியும் பார்க்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான்.

4. ஓசூர்_நைட்ஷிப்ட்

அண்ணே, அந்த டிவியும் இந்தப் போனும் ஒன்றில்லை. தூர்தர்ஷனில் ஞாயிறு காலை நிகழ்ச்சி முடிந்தால் முடிந்ததுதான். அடுத்து செய்தி வரும், உரம் பூச்சிமருந்து பற்றி ஏதாவது வரும், நாமே எழுந்து தெருவுக்குப் போய்விடுவோம். போனில் முடிவு என்று ஒன்று கிடையாது. ஒன்று முடிந்தால் அடுத்தது தானே ஓடும். நான் சாப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். அந்த அடுத்தது வராமல் நின்றால்தான் எங்கள் கணக்கில் அது பக், அதாவது கோளாறு.

என் மகளுக்கு ஒருநாள் பசு மாட்டுப் பாட்டு போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஐந்தாவதோ ஆறாவதோ வீடியோ, ஒரு கார்ட்டூன் பொம்மைக்கு இன்னொன்று பெரிய ஊசி குத்துகிறது, ரத்தம் வருகிறது, பின்னால் அதே ஜாலி இசை. அவள் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடனே நிறுத்த முடியாது என்றால் சில வேலைகள் செய்யுங்கள். கையில் போன் வேண்டாம், டிவியில் போடுங்கள். அவ்வளவு தூரத்தில் இருப்பதை அவனால் தள்ளித் தள்ளி மாற்ற முடியாது, நீங்களும் சேர்ந்து பார்க்கலாம். யூடியூப் கிட்ஸ் செட்டிங்கில் பெற்றோர் அனுமதித்த வீடியோக்கள் மட்டும் ஓடுகிற மாதிரி வைக்கலாம், டைமரும் இருக்கிறது. அதைவிட எளிது, இரண்டு வீடியோவை இறக்கி வைத்துக்கொண்டு ஏரோப்ளேன் மோடில் போடுவது. இரண்டும் முடிந்தால் "தீர்ந்து போச்சு" என்று திரையைக் காட்டலாம். நாம் பிடுங்கினால் வருகிற அழுகை வேறு, தானாகத் தீர்ந்தால் வருகிற அழுகை வேறு. இரண்டாவது சீக்கிரம் அடங்கும்.

அப்புறம் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி உட்காராதீர்கள். 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோரைக் கேட்காமல் சேகரித்ததற்காக அமெரிக்காவில் 2019ல் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்டின. நம் நாட்டிலும் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். எல்லாம் சரி, தாத்தா போனில் தாத்தா கணக்கில் பார்க்கிற குழந்தைக்கு ஆப் கணக்குப்படி வயது அறுபத்தெட்டு.

5. பேச்சுப்பயிற்சி_சென்னை

நான் பேச்சுப் பயிற்சியாளர், பதினாலு வருடமாக இதே வேலை. ஆன்லைனில் எழுதுவதை வைத்து யாரும் எதையும் முடிவுசெய்ய முடியாது, நானும் செய்யவில்லை. ஆனால் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்த வாட்ஸப் வீடியோ. 'வர்ச்சுவல் ஆட்டிசம்' என்பது மருத்துவ வகைப்பாட்டில் இல்லாத பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11லும் இல்லை, அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5லும் இல்லை. இந்தப் பெயரால் இரண்டு கெடுதல். ஆட்டிசம் இல்லாத குழந்தையின் அம்மா ராத்திரி தூங்காமல் அழுகிறார். உண்மையிலேயே ஆட்டிசம் இருக்கிற குழந்தையின் அம்மாவோ, போனை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று ஒரு வருடத்தைத் தொலைக்கிறார். இரண்டாவது வகையை நான் அதிகம் பார்க்கிறேன், அங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

அதற்காகப் போனால் பாதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. பேச்சு காதில் விழுந்தால் மட்டும் வராது, ஆள் வேண்டும். 2003ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆய்வாளர் பட்ரீசியா குல் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சிலர் நேரில் உட்கார்ந்து மாண்டரின் சீனத்தில் பேசி, விளையாடி, புத்தகம் காட்டினார்கள். மொத்தம் 12 தடவை. அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, வீடியோவில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. உங்கள் பையன் ட்ரையாங்கிள் என்கிறான், தண்ணி என்பதில்லை. காரணம் புரிகிறதா? ட்ரையாங்கிள் சொன்னால் யாரும் எதுவும் தரப்போவதில்லை, அது வெறும் ஒப்பிப்பு. தண்ணி கேட்பதற்கு எதிரே ஒருவர் வேண்டும்.

அடுத்ததுதான் அவசரம். கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறான், சத்தம் கூட வைக்கச் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். காதைப் பரிசோதித்தீர்களா? அடிக்கடி சளி பிடிக்குமா? வாயைத் திறந்துகொண்டு தூங்குவானா? பேச்சு தாமதம் என்று வருகிற எந்தக் குழந்தைக்கும் முதல் வேலை காது. உள்காதைப் பார்க்க ஓஏஇ, செவிப்பறை அசைகிறதா என்று பார்க்க டிம்பனோமெட்ரி, தேவைப்பட்டால் சத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்க பெரா. எதற்கும் குழந்தை வாய் திறந்து பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். இரண்டு வயதில் சுமார் ஐம்பது சொல்லும், "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேர்ப்பதும் வந்திருக்க வேண்டும். 2013ல் தொடங்கிய, குழந்தைகளுக்கான மத்திய அரசின் ஆர்பிஎஸ்கே சுகாதாரத் திட்டத்தில் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் உண்டு, டிஇஐசி என்று கேட்டாலும் சொல்வார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள், கட்டணம் இல்லை.

ஆட்டிசம் பற்றிய உங்கள் பயத்துக்காகக் கடைசியாக ஒரு கேள்வி. வானத்தில் ஏரோப்ளேன் போனால் விரலால் காட்டுவானா? காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பானா?

6. மலைக்கோட்டை_அம்மா

மேடம், காட்டுவான். நாங்கள் இருப்பது ஏர்போர்ட் பக்கம், ஒரு நாளைக்குப் பத்து தடவை மாடிக்கு இழுப்பான். காட்டிவிட்டு நான் பார்த்தேனா என்று என் முகத்தையும் பார்ப்பான். பல்லியைக் கூட அப்படித்தான்.

சளி மாதம் தவறாமல் வரும். வாய் திறந்துதான் தூங்குவான். அவருடைய அப்பா மாதிரி என்று சிரித்துக்கொள்வோம். காது பற்றி யாரும் இதுவரை கேட்டதில்லை.

7. கும்பகோணம்_தாத்தா

நான் ஓய்வுபெற்ற தபால்காரன். மூன்று வயதுப் பேரனைப் பகலில் நானும் என் சம்சாரமும் பார்க்கிறோம். இங்கே எல்லோரும் அத்தையைக் குற்றம் சொல்லாமல் சொல்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அறுபத்தைந்து வயதில், முட்டி வலியோடு, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை ஒரு பொடியனுக்குப் பின்னால் ஓடிப் பாருங்கள். அடுப்பில் குக்கர், வாசலில் கேஸ் சிலிண்டர்காரர், பிள்ளை மாடிப்படியில். அந்த நேரத்தில் போன் கொடுத்தால் அவன் ஓர் இடத்தில் உட்காருவான், எங்களுக்கு அதுதான் மூச்சு விடும் நேரம். சாப்பிடாமல் விட்டால் மாலையில் "என்னம்மா, ஒண்ணுமே சாப்பிடலையா" என்று நீங்கள் கேட்கிற தொனி இருக்கிறதே, அதற்குப் பயந்தே பாதி நாள் போன் போடுகிறோம். அத்தையிடம் "ஒரு வேளை சாப்பிடலேன்னா பரவாயில்லைம்மா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று முதலில் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டைத் திண்ணைக்கு மாற்றினோம். காக்கை, ஆட்டோ, எதிர்வீட்டு நாய், பள்ளிக்கூடத்து மணி. சும்மா இருக்கும் தெருவில் இவ்வளவு நடக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம். அடுக்குமாடியில் திண்ணைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பக்கத்தில் அங்கன்வாடி இருந்தால் விசாரியுங்கள், இரண்டு வயது முடிந்த பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். நாலு பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்தால் ஐந்தாவது பிள்ளையும் கை வைக்கும்.

8. சும்மா_எட்டிப்பார்க்கிறேன்

தாத்தா சொன்னதுதான் சரி. வசதியாக இருக்கிறவர்களுக்குத் திண்ணை இருக்கிறது, வேலைக்காரம்மா இருக்கிறார். இல்லாதவர்களுக்குப் போன்.

9. நிர்வாகி

இந்த இழையில் '30 நாளில் மொபைல் ஆட்டிசம் குணம்' என்று விளம்பரம் போட்டவரின் பதிவு நீக்கப்பட்டது. தனிச் செய்தியிலும் வரலாம், பணம் கட்டிவிடாதீர்கள்.

10. யாழ்ப்பாணத்து_அன்ரி

பிள்ளை, போன் எண்டதும் எல்லாத்தையும் ஒரே சாக்கில போடாதேங்கோ. என்ர மகள் கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறா, பேத்திக்கு இரண்டு வயசு. சனி ஞாயிறில இங்க பின்னேரம் ஏழு மணி, அங்க காலமை ஒன்பதரை. வீடியோவில நான் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிடுறன், அவ அங்க தன்ர சாப்பாட்டை வைச்சுக்கொண்டு இருப்பா. நான் ஒரு வாய் வைச்சு "அம்மம்மா சாப்பிட்டன், நீ?" எண்டு கேட்பன். அவ ஒரு வாய் வைச்சிட்டு "நீ?" எண்டுவா. இப்பிடியே கோப்பை முடிஞ்சிடும். அதுவும் போன்தான், ஆனா அதுக்குள்ள நான் இருக்கிறன்.

2021இல ஸ்கூல் பூட்டினபோது எங்கட ஒழுங்கையில நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரு போனில சூம் வகுப்பு பார்த்ததுகள். அதில படிச்சதைவிட அடிபட்டதுதான் கூட. ஆனா ஒருத்தரோட ஒருத்தர் கதைச்சதுகள்.

11. பேச்சுப்பயிற்சி_சென்னை

அன்ரி சொன்னதை அப்படியே என் கிளினிக் சுவரில் எழுதி வைக்கலாம். ஒன்றரை வயதுக்குள் திரை வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறது. இரண்டு முதல் ஐந்து வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது நம் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் கணக்கு. கணக்கு முக்கியம்தான், அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம்.

12. பேக்பெஞ்ச்_பாலகன்

நான் காலேஜ் பையன், இங்கே எழுதலாமா தெரியவில்லை. 2020ல் எட்டாவது படிக்கும்போது ஆன்லைன் கிளாஸ் என்று அப்பா கடன் வாங்கி ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். ஸ்கூல் திறந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. எட்டாவது வரைக்கும் ஸ்கூல் திறந்ததே 2021 நவம்பரில். நான் அதற்குள் ஒன்பதாவது, போன் என் கையோடு ஒட்டிவிட்டது. ப்ரீ பயர் கேமில் விடிய விடியக் கிடந்தேன். 2022 பிப்ரவரியில் அதைத் தடை செய்தார்கள், அன்று அப்பா கேசரி வாங்கி வந்தார், சத்தியமாக. நான் மறுநாளே வேறு கேம் போட்டுவிட்டேன்.

சொல்ல வந்தது வேறு. அந்த இரண்டு வருடமும் அப்பா "போனை வைடா" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் கையில் ஒரு போன் இருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வார். ஒருநாள் அம்மா கடுப்பாகி, சாப்பிடும்போது மூன்று போனையும் ஃப்ரிட்ஜ் மேலே வைக்க வேண்டும் என்றார். முதல் வாரம் மயான அமைதி. என்ன பேசுவது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. அப்புறம் அப்பா தன் லாரி ஷெட் கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். பதினைந்து வயதில்தான் எனக்குத் தெரிந்தது, அவர் நல்லா மிமிக்ரி பண்ணுவார் என்று.

13. மலைக்கோட்டை_அவர்

முதல் பதிவில் 'அவர்' என்று வருகிறதே, அது நான்தான். வீட்டில் லிங்க் அனுப்பி, படித்துவிட்டுத்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டார்கள். பாலகன் தம்பி எழுதியதை ஆபீஸ் பாத்ரூமில் உட்கார்ந்து போனில் படித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன், காது டெஸ்டுக்கு.

14. நெல்லை_ரெட்டைவால்

தம்பி, லீவு போட்டதற்கே ஒரு பூங்கொத்து. போனை முதலில் ஃப்ரிட்ஜ் மேலே வைங்க.

15. மலைக்கோட்டை_அம்மா (மூன்று வாரம் கழித்து)

எல்லோரும் கேட்டதால் எழுதுகிறேன். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோர்த்திருக்கிறதாம். டிம்பனோமெட்ரியில் மலை மாதிரி ஏறி இறங்க வேண்டிய கோடு தரை மாதிரி படுத்துக் கிடந்தது. லேசான கேட்புக் குறைவு. தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு நாம் பேசுவதைக் கேட்கிற மாதிரி இருக்குமாம் அவனுக்கு. இஎன்டி டாக்டர், பெரும்பாலும் தானே வடிந்துவிடும், மூன்று மாதம் பார்ப்போம், இல்லையென்றால் சின்னக் குழாய் வைக்கலாம் என்றார். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். டிஇஐசியில் வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி. அங்கே சொன்னது, முகத்துக்கு நேராக, கிட்டே உட்கார்ந்து, சின்னச் சின்னதாகப் பேச வேண்டும் என்று.

ஆக, போன் மட்டும் காரணம் இல்லை. ஆனால் அந்தச் சத்தத்தை நான் அடம் என்றே நினைத்திருக்கிறேன், அதுதான் மனதை அறுக்கிறது. அத்தை வேறு "நான் அப்பவே காதுன்னு சொன்னேன்" என்கிறார். சொல்லவில்லை. பரவாயில்லை.

போன் நிலவரம்: காலையில் இல்லை, பதினாறு நாள் ஆகிறது. ராத்திரி ஃப்ரிட்ஜ் மேலே, 'அவர்' மட்டும் ஆபீஸ் கால் என்று இரண்டு முறை நழுவினார். மதியம் இன்னமும் இருக்கிறது, டிவியில், இரண்டு வீடியோ. தாத்தா சொன்னதை அத்தையிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் மதியம் அவரே பையனை மாடிக்குத் தூக்கிப் போய் ஊட்டியிருக்கிறார். அரைக் கிண்ணம்தான்.

16. பேச்சுப்பயிற்சி_சென்னை

மூன்று மாதத்தில் மறுபரிசோதனை தேதியை இப்போதே குறித்து வையுங்கள், சளி விட்டதும் மறந்துபோகும். காது சரியானாலும் பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

17. சும்மா_எட்டிப்பார்க்கிறேன்

மேடம், ஒரு சந்தேகம். என் பையனும் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவான், சேட்டை என்று ரிமோட்டைப் பிடுங்குவேன். அந்த டிஇஐசி ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா?

18. மலைக்கோட்டை_அம்மா

நாங்கள் போன இடத்தில் ஞாயிறு கிடையாது அண்ணா. வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள், தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.